ரேஸில் ஓடிய கிராங்க்: வாங்கலாமா, விடலாமா?

கேள்வி: ஐயா, திருப்பூரில் ஒரு பின்னலாடை நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். வயது 26. அப்பா 1994இல் வாங்கிய யமஹா ஆர்எக்ஸ் 100 பைக் இன்னும் வீட்டில் ஓடிக்கொண்டிருக்கிறது. அதன் எஞ்சினை வேகமாக்க வேண்டும் என்று ஆசை. ரேஸ் வண்டியிலிருந்து கழற்றிய பாகங்களை ஒருவர் முழு செட்டாக விற்கிறார். போர்ட்டிங் செய்த பிளாக் (வாயு போய்வரும் துளைகளை அராவிப் பெரிதாக்கிய சிலிண்டர்), பிஸ்டன், ஹெட், கிராங்க் (பிஸ்டனின் மேல்கீழ் ஓட்டத்தைச் சுழற்சியாக்கும் தண்டு), 26 மி.மீ. கார்பரேட்டர், சைலென்சர் எல்லாம் சேர்த்து 22,000 ரூபாய். ‘இரண்டே ரேஸ்தான் ஓடியது’ என்கிறார். கூடக் கொஞ்சம் கொடுத்தால் கிராங்க் உட்காரும் எஞ்சின் அடிக்கூடான கிராங்க் கேஸும் தருவாராம். புதிதாகச் செய்தால் இதைப்போல் இரண்டு மடங்கு ஆகும் என்று எங்கள் மெக்கானிக் சொல்கிறார். நம்பி வாங்கலாமா?
– வாசகர், திருப்பூர்

பதில்:

அன்புள்ள தம்பிக்கு,

முழு செட்டாக வாங்காதீர்கள். ஹெட், கார்பரேட்டர், சைலென்சர் மூன்றையும் பார்த்து வாங்கலாம். பிளாக்கை அளந்து பார்த்த பிறகு யோசிக்கலாம். கிராங்கை அப்படியே எடுத்து மாட்டுவதாக இருந்தால் வேண்டாம். பிஸ்டனைப் பணம் கொடுத்து வாங்கவே வேண்டாம். கிராங்க் கேஸ் பக்கம் போகவே போகாதீர்கள். அதற்குக் காரணம் வேறு, அதைப் பிறகு சொல்கிறேன்.

கோவையில் 31 ஆண்டுகளாக டூ ஸ்ட்ரோக் எஞ்சின் கட்டிக்கொண்டிருக்கிறேன். பழைய பாகங்களை வாங்கக் கூடாது என்று சொல்பவன் இல்லை நான். ஆர்எக்ஸ் 100 உற்பத்தி 1996இல் நின்றுபோனது. இன்று நல்ல நிலையில் ஓடும் வண்டிகளில் பாதிக்கு மேல் பழைய சாமான் கடைகளின் தயவில்தான் ஓடுகின்றன என்றுகூடச் சொல்வேன். சென்னை புதுப்பேட்டைக்கு நானே எத்தனையோ முறை பையோடு போயிருக்கிறேன். ஆனால் பழைய பாகம் வேறு, வரம்பை மீறி ஓட்டப்பட்ட பழைய பாகம் வேறு. உங்களுக்குக் காட்டப்படுவது இரண்டாவது வகை.

இப்படிப்பட்ட ஒரு பாகத்தைக் கையில் எடுத்ததும் நான் கேட்டுக்கொள்ளும் கேள்விகள் இரண்டுதான். இது கெட்டுப்போகும்போது முன்கூட்டியே தெரியுமா? கெட்டால் கூட எதையெல்லாம் இழுத்துக்கொண்டு போகும்? கார்பரேட்டர் தேய்ந்திருந்தால் வண்டி சீராக நிற்காது, பெட்ரோல் குடிக்கும், ஒரு ஞாயிற்றுக்கிழமை வீணாகும். அவ்வளவுதான். கிராங்க் கதை அப்படி இல்லை. டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் பெட்ரோலும் காற்றும் கிராங்க் கேஸ் வழியாகத்தான் மேலே போகின்றன. அடியில் ஒரு பேரிங் உடைந்தால் அந்த இரும்புத் துணுக்குகள் அதே வழியில் பிஸ்டனுக்கு மேலே ஏறி, பிளாக்கையும் ஹெட்டையும் சேர்த்துக் கீறிவிடும். நீங்கள் 22,000 ரூபாய் கொடுத்து வாங்கும் செட்டில் மற்ற எல்லாப் பாகங்களின் ஆயுளும் அந்த ஒரு கிராங்கின் கையில் இருக்கிறது.

‘இரண்டே ரேஸ்’ என்ற பேச்சைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். ரேஸ் என்றால் போட்டி நடக்கும் சில சுற்றுகள் மட்டும் இல்லை. செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயிலோ இருங்காட்டுக்கோட்டையிலோ போட்டி நடக்கிறது என்றால், அதற்கு முன் பயிற்சி உண்டு, தகுதிச் சுற்று உண்டு, வண்டியை அமைக்க ஓட்டிப் பார்த்த நாட்கள் உண்டு. விற்பவர் பொய் சொல்கிறார் என்று நான் சொல்லவில்லை. அவர் போட்டிகளை எண்ணுகிறார், கிராங்க் சுற்றுகளை எண்ணுகிறது. 9,000 ஆர்பிஎம்மில், அதாவது நிமிடத்துக்கு 9,000 சுற்றில், ஒரு மணி நேரம் ஓடினால் பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கும் கனெக்டிங் ராடு ஐந்து லட்சத்து நாற்பதாயிரம் தடவை இழுபட்டு அமுங்குகிறது.

அந்த இழுப்பும் சாதாரண இழுப்பு இல்லை. கம்பெனி இந்த எஞ்சினுக்குக் கொடுத்த கணக்கு 7,500 ஆர்பிஎம்மில் 11 குதிரைச் சக்தி. போர்ட்டிங் செய்து 10,000 வரை ஏற்றும்போது வேகம் மூன்றில் ஒரு பங்குதான் கூடுகிறது, ஆனால் ராடின் மீது விழும் இழுவிசை வேகத்தின் இருமடிப்படி ஏறும். ஏறக்குறைய 1.8 மடங்கு. இதோடு இன்னொன்றும் சேர்கிறது. வளைவு வருவதற்கு முன் ரேஸ் ஓட்டுபவர் ஆக்சிலரேட்டரைச் சட்டென்று மூடுவார். எஞ்சின் அப்போதும் உச்சத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். ஆனால் பெட்ரோலோடு கலந்து வரவேண்டிய எண்ணெய் அந்த நேரத்தில் மிகக் குறைவாகத்தான் வரும். அடிப் பேரிங் சாப்பாடில்லாமல் ஓடும் நேரம் அது. சாலையில் முப்பது வருடம் ஓடிய கிராங்க்கூட அந்த அளவு வதைபட்டிருக்காது.

2011இல் எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். ஒரு ரேஸ் குழுவிடமிருந்து ஒரு வாடிக்கையாளர் இதேபோல் ஒரு கிராங்கை வாங்கிவந்தார். நான் ராடைப் பிடித்து மேலும் கீழும் இழுத்துப் பார்த்தேன். கொஞ்சமும் ஆட்டம் இல்லை. டயல் கேஜில் வைத்தேன், ஓட்டம் (சுற்றும்போது தண்டு நேர்கோட்டிலிருந்து விலகும் அளவு) 0.02 மி.மீ., கச்சிதம். மனசு நிறைந்து எஞ்சினைக் கட்டிக் கொடுத்தேன். நாற்பது நாள் நன்றாக ஓடியது. பிறகு ஒரு மாலை அவினாசி சாலையில் 70 கி.மீ. வேகத்தில் போய்க்கொண்டிருக்கும்போது எஞ்சின் பூட்டிக்கொண்டது. பின்சக்கரம் நின்றுவிட்டது. ஓட்டியவருக்குக் காறை எலும்பு முறிந்தது, மூன்று மாதம் வேலைக்குப் போகவில்லை. எஞ்சினைப் பிரித்தபோது, அடிப் பேரிங்கின் ரோலர்களைப் பிடித்திருக்கும் கூடு நான்கு துண்டாகக் கிடந்தது. ஒரு துண்டு பிஸ்டன் தலையில் பதிந்திருந்தது. ராடின் அடிப்பகுதியில் படிந்திருந்த கருப்பு எண்ணெய்க் கறையைத் துடைத்தேன். அடியில் மயில் கழுத்து நிறத்தில் நீலம். எப்போதோ அதிகச் சூடு கண்டிருக்கிறது. கட்டுவதற்கு முன் அந்தக் கறையைத் துடைத்துப் பார்த்திருந்தால் அந்தப் பையன் விழுந்திருக்க மாட்டான். அன்றிலிருந்து ரேஸில் ஓடிய ராடு எதையும் என் பட்டறையில் திரும்ப மாட்டியதில்லை.

அதனால் கிராங்கைப் பற்றி என் கருத்து இது. இரண்டு பக்கத்து இரும்பு வட்டுகளும் தண்டுகளும் நன்றாக இருந்தால், அவற்றுக்கு மட்டும் ஒரு விலை பேசுங்கள். ராடு, கிராங்க் பின், அடிப் பேரிங் மூன்றும் புதிதாகப் போட்டு, பிரஸ்ஸில் அமுக்கி, நேர்படுத்தி வாங்க வேண்டும். நேர்படுத்திய பின் இரண்டு முனைகளிலும் ஓட்டம் 0.03 மி.மீ.க்குள் இருக்கிறதா என்று நீங்களே நின்று பாருங்கள். மெயின் பேரிங் உட்காரும் இடத்தில் தண்டு தேய்ந்து, பேரிங் கையாலேயே உள்ளே போகிறது என்றால் அந்த வட்டுகளும் வேண்டாம். இதையெல்லாம் கூட்டிக் கணக்குப் போட்டால், அப்பா வண்டியில் இப்போது இருக்கும் கிராங்குக்கே புதிய ராடு செட் போடுவது பெரும்பாலும் மலிவாக இருக்கும். அதில் குறைந்தபட்சம் வரலாறு உங்களுக்குத் தெரியும்.

அடுத்தது பிளாக். ஆசை அதிகமாக இருப்பது இதில்தான், ஏமாற்றமும் இதில்தான்.

ஆர்எக்ஸ் 100இன் போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 50 மி.மீ., ஸ்ட்ரோக்கும் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 50 மி.மீ. தேயத் தேய 0.25, 0.50, 0.75, 1.00 என்று பெரிதாக்கி, அதற்கேற்ற ஓவர்சைஸ் பிஸ்டன் போடுகிறோம். விற்பவரிடம் முதலில் கேட்க வேண்டியது, பிளாக் இப்போது எந்த அளவில் இருக்கிறது என்பது. 51 மி.மீ.க்கு வந்துவிட்டது என்றால் கடைசிப் படியில் நிற்கிறது. அடுத்த முறை பிளாக்கின் உள்ளே இருக்கும் இரும்புக் குழாயான ஸ்லீவையே மாற்ற வேண்டும். இங்கேதான் பலர் கவனிக்காமல் விடும் ஒரு விஷயம் இருக்கிறது. புதிய ஸ்லீவ் போட்டால் போர்ட்டுகளைத் திரும்ப முதலிலிருந்து வெட்ட வேண்டும். அதாவது நீங்கள் பணம் கொடுத்து வாங்கிய அந்தப் போர்ட்டிங் வேலையில் பெரும்பங்கு பழைய ஸ்லீவோடு குப்பைக்குப் போய்விடும்.

அளவு நன்றாக இருந்தால் போர் கேஜ் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். மேலே, நடுவில், கீழே என மூன்று உயரத்தில், ஒவ்வொன்றிலும் குறுக்காக இரண்டு தடவை. மேலுக்கும் கீழுக்கும் வித்தியாசம் 0.05 மி.மீ.க்கு மேல் போனால் அடுத்த ஓவர்சைஸுக்குப் போக வேண்டியிருக்கும் என்று விலையில் கழித்துக்கொள்ளுங்கள். பட்டறை கிடைக்காத இடத்தில் பார்க்க நேர்ந்தால் விரல் நகம் போதும். கண்ணை மூடிக்கொண்டு, புகை வெளியேறும் துளையான எக்ஸாஸ்ட் போர்ட்டுக்கு மேலும் கீழும் நகத்தை மெதுவாக இழுங்கள். கீறல் இருந்தால் கண்ணைவிட நகம் முதலில் கண்டுபிடிக்கும். அதே நகத்தைப் போர்ட்டின் விளிம்பிலும் ஓட்டுங்கள். விளிம்பு மழுங்கி வழவழவென்று இருக்க வேண்டும். கத்திபோல் கூராக இருந்தால், அராவிய கை அவசரக் கை என்று தெரிந்துகொள்ளலாம். அந்தக் கூர்முனையில் ரிங் ஒவ்வொரு முறையும் உரசிக்கொண்டு போகும்.

எக்ஸாஸ்ட் போர்ட்டின் அகலத்தை வெர்னியரில் பாருங்கள். அகலம் கூடக் கூடச் சக்தி கூடும், அதே நேரம் ரிங் வெளியே பிதுங்கி மாட்டிக்கொள்ளும் ஆபத்தும் கூடும். போரின் விட்டத்தில் 65 சதவீதம், அதாவது 50 மி.மீ. போருக்கு 32.5 மி.மீ. வரை நான் ஒத்துக்கொள்வேன், அதுவும் போர்ட்டின் மேல்விளிம்பு நல்ல வளைவாக இருந்தால். 70 சதவீதத்தை, 35 மி.மீ.யைத் தொட்டுவிட்டால் அது ஒவ்வொரு போட்டிக்கும் ரிங் மாற்றத் தயாராக இருப்பவருக்கான பிளாக். தினமும் வேலைக்குப் போய்வருபவருக்கு ஆகாது. அராவி எடுத்த உலோகத்தைத் திரும்ப ஒட்ட முடியாது, தம்பி. இதைச் சரிசெய்ய வேண்டும் என்றால் ஸ்லீவையே மாற்றி, போர்ட்டுகளைத் திரும்ப வெட்ட வேண்டும்.

‘ஜப்பான் பிளாக்’ என்று சொல்லிக் கூடுதலாக விலை கேட்டால் அதற்காக ஒரு ரூபாயும் ஏற்றாதீர்கள். தொடக்க காலத்து வண்டிகளில் ஜப்பானிலிருந்து வந்த பாகங்கள் இருந்தன என்பது உண்மைதான். ஆனால் முப்பது வருடத்தில் யார் யாரோ போர் போட்டு, அராவி, சூடுபடுத்திய பிளாக்கின் இன்றைய நிலையை அது பிறந்த ஊர் சொல்லாது.

ஹெட் விஷயத்தில் பயம் குறைவு. உள்பக்கத்தைத் துடைத்துப் பாருங்கள். ஓரத்தில் மணல் வீசியதுபோல் பொடிப்பொடியாகக் குழி விழுந்திருந்தால், அந்த எஞ்சின் நாக்கிங்கில், அதாவது பெட்ரோல் உள்ளே தாறுமாறாக வெடித்து, ஓடியிருக்கிறது, பிளாக்கோடு வந்த பிஸ்டனும் அதே அடியை வாங்கியிருக்கும். கம்ப்ரஷன் கூட்டுவதற்காக ஹெட்டைச் சீவியிருப்பார்கள், எவ்வளவு சீவினார்கள் என்று விற்பவருக்கே தெரியாது. எஞ்சினைக் கட்டிய பிறகு சால்டரிங் ஈயக் கம்பியை ஸ்பார்க் பிளக் துளை வழியாகச் சிலிண்டர் சுவரைத் தொடும்வரை விட்டு, கிக்கரைக் கையால் அழுத்தி ஒரு சுற்றுச் சுற்றுங்கள். வெளியே எடுத்து நசுங்கிய முனையை அளந்தால் பிஸ்டனுக்கும் ஹெட்டுக்கும் உள்ள இடைவெளி கையில் இருக்கும். பத்து ரூபாய் ஈயக் கம்பியில் நடக்கும் வேலை இது. சாலையில் ஓடும் வண்டிக்கு 1 மி.மீ. ஒட்டி இருந்தால் நிம்மதி. 0.7க்குக் கீழே வந்தால் பிளாக்குக்கு அடியில் இன்னொரு கேஸ்கெட் வைத்து உயர்த்துங்கள். அப்படி உயர்த்தும்போது போர்ட்டுகள் திறக்கும் நேரமும் சற்று மாறும் என்பதை உங்கள் மெக்கானிக்கிடம் சொல்லிவிடுங்கள்.

கார்பரேட்டரில் போலி நிறைய நடமாடுகிறது. வார்ப்பு எழுத்து மங்கலாக, காற்றைக் கூட்டிக் குறைக்கும் ஸ்லைடு உள்ளே தளர்ந்து கடகடவென்று ஆடினால் விட்டுவிடுங்கள். சாலையில் பயன்படுத்த 26 மி.மீ. பெரிதுதான், கீழ் ஆர்பிஎம்மில் வண்டி தடுமாறும். நான் இருந்தால் அதற்குக் குறைவாகத் தேடுவேன். சைலென்சரில் துரு ஓட்டை இல்லையென்றால் போதும்.

பிஸ்டன், ரிங், பின் லாக், ஆயில் சீல், கேஸ்கெட் இவற்றைப் பழையதாக யாராவது இலவசமாகக் கொடுத்தாலும் மாட்டாதீர்கள். பிஸ்டனை வாங்கி, அதை அளந்து, அதற்கேற்பத்தான் போர் போட வேண்டும். வேறொரு பிளாக்கில் தேய்ந்த பிஸ்டனுக்கு உங்கள் பிளாக்கைப் பொருத்துவது தலைகீழான வேலை.

இப்போது கிராங்க் கேஸ். எஞ்சின் எண் அடிக்கப்பட்டிருப்பது அதில்தான். ஆர்எக்ஸ் 100 எண்கள் 1எல்1 என்று தொடங்கும். பதிவுச் சான்றிதழில் இருக்கும் எண்ணும் கேஸில் இருக்கும் எண்ணும் வேறாக இருந்தால், மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவின்படி அது அனுமதியில்லாத மாற்றம். 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம்வரை சிறையும் விதிக்கலாம். எண்ணை அராவிய கேஸ் என்றால் நிலைமை இன்னும் மோசம். அது திருட்டு வண்டியிலிருந்து வந்திருந்தால், தெரிந்து வாங்கினீர்களா தெரியாமல் வாங்கினீர்களா என்று காவல் நிலையத்தில் நீங்கள் விளக்கிக்கொண்டிருக்க வேண்டும். இந்த வண்டிக்கு இன்று இருக்கும் கிராக்கியில் எத்தனையோ வீட்டு வாசலிலிருந்து இவை காணாமல் போகின்றன. யாரோ ஒருவருடைய அப்பாவின் வண்டியாக அது இருக்கலாம். ஆகவே கேஸ் வேண்டாம். மற்ற பாகங்களுக்கும் விற்பவரின் கையெழுத்தோடு ஒரு சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கொடுக்கத் தயங்கினால் கிளம்பிவிடுங்கள். ஒரிஜினல் கேஸையே வைத்துக்கொண்டு எஞ்சினை மாற்றினாலும், விபத்து என்று வரும்போது காப்பீட்டு நிறுவனம் கேள்வி கேட்க இடம் உண்டு. வீட்டில் இதைச் சொல்லிவிட்டு இறங்குங்கள்.

விலையைப் பற்றி. விற்பவரிடம் பாகம் பாகமாக விலை கேளுங்கள். ‘பிளாக்கை லேத் பட்டறையில் அளந்து பார்த்துவிட்டுப் பணம் தருகிறேன், பட்டறைக் கூலி என்னுடையது’ என்று சொல்லுங்கள். ஒத்துக்கொள்பவரிடம் பேச்சைத் தொடரலாம். உங்கள் மெக்கானிக் சொன்ன இரண்டு மடங்குக் கணக்கில், இந்தச் செட்டுக்குப் போடவேண்டிய புதிய ராடு, பிஸ்டன், பேரிங், சீல், போர் கூலி எதுவும் சேரவில்லை. அவற்றைச் சேர்த்தால் இரண்டுக்கும் இடையே பெரிய வித்தியாசம் இருக்காது என்பது என் கணிப்பு.

எதை வாங்கிக் கட்டினாலும் முதல் கிக்குக்கு முன் காற்றுக் கசிவுச் சோதனை செய்யுங்கள். எக்ஸாஸ்ட்டையும் கார்பரேட்டர் வாயையும் அடைத்து 6 பிஎஸ்ஐ காற்று ஏற்றினால் 6 நிமிடம் இறங்காமல் நிற்க வேண்டும். சீல் வழியாகக் காற்று உள்ளே போனால் கலவை மெலிந்து பிஸ்டன் ஒட்டிக்கொள்ளும், எத்தனை நல்ல பாகமும் தப்பாது. கார்பரேட்டரில் பெட்ரோல் வரும் துளையான மெயின் ஜெட்டைப் பெரிதாக வைத்துத் தொடங்கி, பிளக்கின் நிறத்தைப் பார்த்துப் பார்த்துக் குறையுங்கள். முதல் 500 கி.மீ. இடது கையின் இரண்டு விரல்கள் எப்போதும் கிளட்ச் மேல் இருக்கட்டும். எஞ்சின் இறுகுவதுபோல் சத்தம் மாறினால் யோசிக்காமல் அழுத்திவிடுங்கள். முன்னால் இருப்பதும் டிரம் பிரேக்தான். எஞ்சினுக்கு ஒதுக்கிய பணத்தில் கொஞ்சத்தை பிரேக் ஷூவுக்கும் டயருக்கும் முதலில் செலவழித்துவிடுங்கள்.

கடைசியாக, அப்பாவின் பிளாக்கில் அராவும் கருவியை யாரும் வைக்க விடாதீர்கள். போர்ட்டிங் ஆசைக்கு வேறொரு பிளாக் வாங்கிக்கொள்ளலாம், அதற்காகத்தான் அளந்து வாங்கச் சொல்கிறேன். கழற்றிய ஒரிஜினல் பிளாக்கை மண்ணெண்ணெயில் கழுவி, உலரவிட்டு, ஸ்லீவின் உள்பக்கம் முழுவதும் டூ ஸ்ட்ரோக் ஆயிலைத் தாராளமாகத் தடவி, ஆயிலில் நனைத்த பனியன் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் கட்டி அலமாரியின் மேல்தட்டில் வையுங்கள். சமையலறைப் பக்கமும் குளியலறைப் பக்கமும் வேண்டாம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பிரித்துத் திரும்பவும் ஆயில் தடவுங்கள்.